தெருவுக்கு அடியில் ஒரு ஊர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், 1996-ல் தண்டையார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் லேப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி எழுதும்போது, அங்கே நான் விளையாடிய 'சிம்சிட்டி 2000' பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். நாமே மேயராக இருந்து ஒரு ஊரைக் கட்டி நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த விளையாட்டுதான்.

எங்க மாமா 'சிம்சிட்டி 2000' மாதிரி வராது என்கிறார். படங்களைப் பார்த்தேன், ரெண்டுமே பழசாகத்தான் தெரிகிறது. முதல் சிம்சிட்டியை விட இதில் அப்படி என்ன கூடுதல்?
*கல்லூரி மாணவர், திருவொற்றியூர்*

தம்பி, படத்தை வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரியும் வித்தியாசம் ஒன்றுதான். 1989-ல் வந்த முதல் விளையாட்டில் ஊரை நேர் மேலிருந்து பார்ப்போம், மொட்டை மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி. 1993-ல் வந்த 'சிம்சிட்டி 2000'-ல் (இனி சுருக்கமாக 2000 என்கிறேன், வருடம் இல்லை) ஊர் சாய்வாகத் தெரியும். கட்டடத்துக்கு உயரம் உண்டு, நிலத்துக்கு மேடு பள்ளம் உண்டு, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ரெண்டையும் வடிவமைத்தவர் வில் ரைட். இரண்டாவதில் ஃப்ரெட் ஹாஸ்லம் என்பவரும் கூட இருந்தார். அதற்கு முன்பு ரைட் செய்தது ஹெலிகாப்டரில் போய்க் குண்டு போடுகிற விளையாட்டு. குண்டு போடுவதை விட, அதில் வரும் தீவுகளை வரைவதுதான் அவருக்குப் பிடித்துப் போயிற்று. சிம்சிட்டி அதிலிருந்து பிறந்ததுதான்.

வரைபடம் ரொம்பப் பெரிதாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். முதலாவது 120-க்கு 100 கட்டம், இரண்டாவது 128-க்கு 128. கூடியது உண்மை, ஆனால் விஷயம் அதில் இல்லை.

இதில் வீட்டுக்கு, கடைக்கு, தொழிலுக்கு என்று நாம் நிலம் ஒதுக்குவோம், கட்டடம் தானாக எழும். முதல் விளையாட்டில் அப்படி ஒதுக்குவது எல்லாமே மூன்றுக்கு மூன்று கட்டம் என்ற ஒரே அளவு. வீடா, கடையா, தொழிற்சாலையா, எதுவானாலும் அந்தச் சதுரம்தான். 2000-ல் மவுஸை இழுத்து வேண்டிய அளவுக்கு ஒதுக்கலாம். ஒரே கட்டத்தில் சின்ன வீடு வரும், பக்கத்திலேயே ஒன்பது கட்டத்துக்குப் பெரிய கட்டடம் எழும். அடர்த்தி குறைவு, அடர்த்தி அதிகம் என்று ஒவ்வொன்றிலும் ரெண்டு வகை. சாலையிலிருந்து மூன்று கட்டம் உள்ளே தள்ளியிருந்தாலும் வீடு வரும். நான் வளர்ந்தது கொருக்குப்பேட்டையில். தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு முடுக்கு, முடுக்குக்குள் நாலு குடித்தனம், எதிரே ஒரு குடோன். முதல் விளையாட்டில் அப்படி ஒரு ஊரைக் கட்டவே முடியாது. இரண்டாவதில் முதல் நாளே கட்டிவிட்டேன்.

இதெல்லாம் சொன்னாலும், என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் வேறு. திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஊர் மொத்தமும் மறைந்து, தரைக்குக் கீழே இருப்பது தெரியும். தண்ணீர்க் குழாய்கள், சுரங்க ரயில் பாதைகள். முதல் விளையாட்டில் நிலத்துக்கு அடியில் ஒன்றுமே கிடையாது. மின்சாரம் கொடுத்தால் போதும், ஊர் வளரும். ஜனங்கள் எதைக் குடித்து வாழ்கிறார்கள் என்ற கேள்வியே அதில் எழாது.

2000-ல் பம்ப் வைக்க வேண்டும், ஒன்று 100 டாலர். ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ வைத்தால் நிறைய இறைக்கும், காய்ந்த நிலத்தில் வைத்தால் கொஞ்சம்தான் வரும். பம்புக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. இது நம்ம பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கட்டடம் எழுந்த இடத்துக்குக் கீழே குழாய் தானாக வந்துவிடும், ஆனால் மெயின் லைனை நாம்தான் கொண்டுபோய் இணைக்க வேண்டும், கட்டத்துக்கு 3 டாலர். தண்ணீர் ஓடுகிற குழாயில் நீல நிறம் அசையும். வராத குழாய் அப்படியே கிடக்கும்.

என் அப்பா தண்ணீர் திறந்து விடுகிற வேலையில் இருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு டி வடிவ இரும்புக் கம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டு வால்வைத் திருகுவார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று, எத்தனை நேரம் என்பதெல்லாம் அவர் மனசில் இருந்த கணக்கு. குழாய் எங்கே வளைகிறது, எந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே போகிறது என்று அவர் எந்தப் படத்தையும் பார்த்துச் சொன்னதில்லை. ஒருமுறை யாரோ கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டி மெயின் குழாயை உடைத்துவிட்டார்கள். தண்ணீர் தெருவெல்லாம் ஓடுகிறது, எந்த வால்வை மூடுவது என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். கை கழுவாமல் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தவர், என் தோளுக்கு மேலே குனிந்து மானிட்டரைப் பார்த்தார். அப்போது திறந்திருந்தது அந்த அடிநிலப் பக்கம். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் என்னவென்று நான் சொல்வதற்குள் அவரே, "இது மெயின் லைன், இது கிளை" என்று விரலால் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வால்வு எங்கப்பா?"

"வால்வு இல்லப்பா. எப்பவும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்."

"எல்லாத் தெருவுக்குமா? ஒரே நேரத்துலயா?"

ஊர் பெரிதாகித் தண்ணீர் போதாமல் போனால் சில இடங்களுக்கு மட்டும் நின்றுவிடும் என்று சொல்லி, பம்ப் ஒன்றை இடித்துக் காட்டினேன். ஓரத்தில் இருந்த ஒரு பகுதியில் நீலம் நின்றுபோனது. அப்பா அந்த இடத்தில் விரலை வைத்து, "இவங்களுக்கு ஒரு மணி நேரமாவது திறந்து விடணும்" என்றார். அதற்கு அந்த விளையாட்டில் வழியில்லை. பக்கத்தில் இன்னொரு பம்ப் வைத்தேன். நீலம் வந்த பிறகுதான் கேரியரைத் திறக்க விட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முதல் சிம்சிட்டி என் அப்பாவின் வேலைக்கு இடம் தராத ஊர். இரண்டாவது, முழுசாக இல்லாவிட்டாலும், இடம் தந்த ஊர். உங்க மாமா சொல்வது சரிதான்.

38 வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளையாட்டில் மின்சாரத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா?
*எண்ணூர் வாசகர்*

சார், உங்களிடம் இதைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விளையாட்டில் நிலக்கரி, அணு என்று ரெண்டே மின்நிலையங்கள். நிலக்கரி 3,000 டாலர், அணு 5,000. ஒருமுறை கட்டினால் அது அப்படியே நிற்கும், வயசே ஆகாது. அணுமின் நிலையம் வெடிக்கிற ஆபத்து மட்டும் உண்டு. 2000-ல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, நீர், காற்று, சூரியன், அணு என்று வரிசையாக இருக்கும். அப்புறம் வருங்காலத்துக்கு என்று, விண்வெளியிலிருந்து மைக்ரோவேவ் கதிராக வருவதை மின்சாரமாக்கும் நிலையம், அணுக்கரு இணைவு. எல்லாம் முதல் நாளே கிடைக்காது. 1900-ல் ஊரைத் தொடங்கினால் காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மெகாவாட் கணக்கு உண்டு. நிலக்கரி என்றால் 200, காற்றாலை ஒன்று வெறும் 4.

முக்கியமான மாற்றம் ஆயுள். 2000-ல் நிலக்கரி மின்நிலையத்துக்கு 50 வருடம்தான். முடிந்ததும் அது போய்விடும், ஊர் இருண்டுவிடும். புதிதாகக் கட்ட அன்றைக்குக் கையில் 4,000 டாலர் இல்லையென்றால் கடன்தான். சின்ன வயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பது ஏன் திடீரென்று போக வேண்டும் என்று. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்ட செய்தியைப் படித்த அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 47 வருடம். 1993-ல் எழுதிய ஒரு விளையாட்டு எவ்வளவு அருகே வந்திருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். புகையைக் காட்டியிருக்கிறார்கள். அது சுற்றிலும் பரவும், நிலத்தின் மதிப்பைக் குறைக்கும். சாம்பலைக் காட்டவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர்களுக்கு, நிலக்கரியின் கதை புகையோடு முடியாது என்று தெரியும். ரெண்டு விளையாட்டிலுமே அந்தக் குறை இருக்கிறது.

விளையாட்டில் குப்பையை எங்கே கொட்டுவார்கள்? ஒன்பதாவது படிக்கும் மகன் இதையே விளையாடிக்கொண்டிருக்கிறான், ஏதாவது பயன் உண்டா?
*இல்லத்தரசி, கொடுங்கையூர்*

அம்மா, சென்னையின் குப்பைக் கிடங்கு இருக்கும் கொடுங்கையூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. குப்பை இந்த ரெண்டு விளையாட்டிலும் கிடையாது. 1999-ல் வந்த 'சிம்சிட்டி 3000'-ல்தான் குப்பைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று வந்தது. தண்ணீர் குழாயில் வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கும் 2000-ல் தனிக் குழாய் இல்லை.

மகனைப் பற்றி. நான் அவனைத் திட்ட மாட்டேன். பரீட்சை நேரத்தில் மட்டும் எடுத்து வையுங்கள். மற்ற நாட்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வரவு செலவுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் விளையாட்டில் ஊர் முழுக்க ஒரே வரி விகிதம். 2000-ல் வீட்டுக்குத் தனி, கடைக்குத் தனி, தொழிலுக்குத் தனி. அதற்குள்ளும் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். எஃகு, ஜவுளி, உணவு, பெட்ரோ கெமிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று பட்டியல் இருக்கும். நான் பெட்ரோ கெமிக்கல் மீது வரியை ஏற்றி எலக்ட்ரானிக்ஸுக்கு இறக்கிவிடுவேன். பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் இருக்கும் மணலியிலிருந்து காற்று எங்கள் பக்கம் திரும்புகிற ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்தித் தூங்கிய பையன் வேறு என்ன செய்வான்?

வரியை மாற்றினால் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் ஆலை வராது, அதையும் அவன் கண்டுபிடிப்பான். ஊரில் படித்தவர்கள் வேண்டும். 2000-ல் பள்ளிக்கூடம், கல்லூரி, நூலகம், ஆஸ்பத்திரி எல்லாம் புதிதாக வந்தன. முதலாவதில் இவற்றைக் கட்டவே முடியாது, போலீஸும் தீயணைப்பு நிலையமும்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடம் கட்டினால் அதன் பலன் ஊரின் படிப்பறிவுக் கணக்கில் ஏற இருபது, முப்பது வருடம் பிடிக்கும். நடுவில் பணம் இல்லை என்று பள்ளிக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தால், அதன் கெடுதலும் உடனே தெரியாது. நான் ஒருமுறை குறைத்தேன். சாலைக்குப் பணம் தேவைப்பட்டது. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம் படிப்பறிவைக் காட்டும் வரைபடத்தில் கோடு கீழே இறங்கத் தொடங்கியது, நிறுத்த முடியவில்லை. மகனிடம் அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவன் ஊரில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

ரயில், மெட்ரோ பற்றிச் சொல்லவில்லையே?
*பழைய வண்ணாரப்பேட்டை வாசகி*

முதல் விளையாட்டில் தண்டவாளம் போட்டால் போதும், ஸ்டேஷன் என்று ஒன்றே கிடையாது. சாலையே போடாமல் தண்டவாளம் மட்டும் போட்டு நெரிசலே இல்லாத ஊரைக் கட்டியவர்கள் உண்டு. 2000-ல் ஸ்டேஷன் கட்டினால்தான் ஜனங்கள் ரயில் ஏறுவார்கள். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதுதான் நியாயமாகப் படும்.

சுரங்க ரயிலும் 2000-ல்தான் வந்தது. அதையும் அந்த அடிநிலப் பக்கத்தில்தான் போட வேண்டும். விலை அதிகம், கட்டத்துக்கு 100 டாலர், சாலை 10 டாலர்தான். தரைக்குக் கீழே வருகிற பாதையை மேலே ஓடும் தண்டவாளத்தோடு சேர்க்கத் தனியாக ஒரு இணைப்பு உண்டு. 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது அதில் போனேன். தண்டையார்பேட்டை தாண்டி வண்டி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மேலே ஏறியது. எனக்கு அந்த இணைப்புக் கட்டம் நினைவுக்கு வந்தது. 25 வருடம் முன்பு மவுஸால் போட்டதில் உட்கார்ந்து போகிறேன் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் மாதிரி லெவல் கிராஸிங்கில் அரைமணி நேரம் காத்திருப்பது மட்டும் ரெண்டு விளையாட்டிலும் இல்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அந்தக் காலத்து விளையாட்டிலேயே இருந்ததாமே?
*மீஞ்சூர் வாசகர்*

இருந்தது. கடலோரத்தில் வைக்க வேண்டும், 1,000 டாலர். முதல் விளையாட்டில் தண்ணீர் என்றால் படகு போகிற நீலம், அவ்வளவுதான். உப்பா நல்ல தண்ணீரா என்ற பேச்சே இல்லை. 2000-ல் ஆற்று நீர் வேறு, கடல் நீர் வேறு. 2010-ல் உங்க ஊருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் நிலையம் திறந்தபோது, இது என்ன என்று அப்பாவுக்கு நான் விளக்கத் தொடங்கினேன். "அதான் உன் கம்ப்யூட்டர்ல கடல் ஓரமா வெச்சியே" என்றார். மறக்கவில்லை.

எல்லாம் இரண்டாவதுதான் மேல் என்கிறீர்கள். முதலாவதில் நல்லது ஒன்றுமே இல்லையா?
*ஆசிரியர், ராயபுரம்*

இருக்கிறது, ஐயா. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஒரு மணி நேரத்தில் ஊர் எழுந்து, நெரிசல் வந்து, குற்றம் பெருகி, மேயர் திணறுவது வரை பார்த்துவிடலாம். அதில் தயாராகக் கொடுத்திருக்கும் ஊர்களும் அருமை. 1906-ல் நிலநடுக்கத்தில் சிக்கிய சான் பிரான்சிஸ்கோ, 1944-ல் குண்டு விழும் ஹாம்பர்க், 1965-ல் நெரிசலில் தவிக்கும் பெர்ன். குறிப்பிட்ட வருடங்களுக்குள் ஊரை மீட்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பாடம் நடத்தப் போதும்.

2000-ல் செய்ய வேண்டியது ஏராளம். மேடு பள்ளத்தைச் சமன் செய்வதிலேயே புதியவரின் பணம் தீர்ந்துபோகும். எங்கள் லேப்பில் முதல் முறை உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மலையை இடித்தே திவாலானார்கள். சாதாரணப் பழைய மெஷினில் முதலாவது ஓடும், 2000-க்கு 386 ப்ராசஸரும் 4 எம்பி மெமரியும் வேண்டும். லேப்பில் அப்படி மூன்று மெஷின்தான் இருந்தன, அவற்றுக்காகச் சண்டை நடக்கும்.

இப்போது எங்கே கிடைக்கும்? எப்படித் தொடங்குவது?
*பெரம்பூர் வாசகர்*

2000-ஐ ஜிஓஜி இணையக் கடையில் முறைப்படி வாங்கலாம், இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி கொடுக்கிறார்கள். முதல் சிம்சிட்டியின் நிரல் 2008-ல் 'மைக்ரோபோலிஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அது இலவசம்.

2000-ஐத் தொடங்கும்போது எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள், கையில் 20,000 டாலர் தருவார்கள். கடினமான நிலையில் தருகிற 10,000-ம் கடன்தான், முதல் வருடத்திலிருந்தே வட்டி போகும். வருடம் 1900 என்று வையுங்கள். மலை குறைவாக, நடுவில் ஆறு ஓடுகிற நிலமாகத் தேடுங்கள். நிலக்கரி மின்நிலையத்தை வரைபடத்தின் ஓரத்தில் கட்டுங்கள், புகையில் பாதி வெளியே போய்விடும். அதற்குப் பக்கத்தில் தொழில், தள்ளி வீடுகள், நடுவில் கடைத்தெரு. ஆற்றங்கரையில் நாலு பம்ப். மின்நிலையம் கட்டிய வருடத்தை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டி வையுங்கள். எங்கள் லேப்பில் மூன்று மானிட்டரிலும் அப்படி ஒட்டியிருக்கும்.

தண்ணீர் இல்லாமலும் ஊர் கொஞ்சம் வளரும், அதனால் குழாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தள்ளிப் போடாதீர்கள். வீடுகள் வந்ததும் அடிநிலப் பக்கத்தைத் திறந்து, கடைசி வீடு வரைக்கும் நீலம் ஓடுகிறதா என்று பாருங்கள்.